எண் போடாத படங்கள்

என் வீட்டுக்காரர் பொம்மைப் படத்துக்குக் கதை வரைகிறவர். வரைந்த படங்களே நடிக்கிற சினிமா அது. எது முதலில், எது பிறகு என்று காட்சி காட்சியாகக் காகிதத்தில் வரைந்து முதலாளிக்குக் கதை சொல்ல வேண்டும். அதற்காக எங்கள் ஊர் பாடியிலிருந்து தினம் சைக்கிளில் ஸ்டுடியோவுக்குப் போவார். அவர் வரைந்த மூன்று கதைகளில் ஒன்றுகூடப் படமாகவில்லை. யுத்தம் வந்து பிலிம் கிடைக்காமல் போனதும், மனுஷர்களை வைத்துப் படமெடுக்கவே பிலிம் இல்லை, பொம்மைக்கு எங்கே போவேன் என்று முதலாளி கையை விரித்துவிட்டார்.

அதற்காக இவர் விட்டாரா? வீட்டிலேயே நாலாவது கதையை ஆரம்பித்தார். வானகரத்துக்கு விற்றுவிட்ட தாயைத் தேடிப் போகிற எருமைக் கன்றின் கதை. கூடத்துச் சுவர் முழுக்கப் படம். குண்டூசி கிடைக்காத காலம். கருவேல முள்ளை ஒடித்துவந்து மண்சுவரில் குத்துவார். காலையில் மேலே இருந்த படம் சாயங்காலம் கீழே வந்திருக்கும். ஆவடிக்குப் போகிற மிலிட்டரி லாரி அதிர்வில் நாலைந்து உதிர்ந்தால், எந்த இடம் என்று யோசிக்காமலே திரும்பக் குத்துவார். ஓரத்தில் எண் போட்டுத் தொலைக்கக் கூடாதா என்று கேட்டேன். எண் போட்டால் அப்புறம் மாற்ற மனசு வராது என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு சாமி படம் மாட்டச் சுவரில் இடமில்லை. கையில் குச்சியோடு நின்றுகொண்டு, கதை சொல்கிறேன் வா என்று கூப்பிடுவார். கன்று நூம்பல் வாய்க்காலைத் தாண்டுகிற வரைக்கும் கேட்டிருப்பேன். அதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கும். மிச்சத்தை நாளைக்குக் கேட்கிறேன் என்று போய்விடுவேன். எத்தனையோ நாள் அப்படித்தான்.

மார்கழியில் விஷக்காய்ச்சல் கண்டு பட்டணத்து ஆஸ்பத்திரியில் படுத்தார். பொங்கல் நெருங்கியது. அவர் திரும்பும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று வெள்ளையடிக்க ஆள் வைத்தேன். நானே முள்ளைப் பிடுங்கி, படங்களைச் சேர்த்து, ஓரம் தட்டி அடுக்கிக் கட்டிவைத்தேன். வீட்டை ஒழுங்கு பண்ணிவிட்ட திருப்தி வேறு. எது எங்கே இருந்தது என்று ஒரு தரம் பார்த்துவைக்கக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கண்ணைத் திறந்ததும் கேட்டார்.

“செவுத்துல படம்லாம் அப்டியேதான கீது?”

“அப்டியேதான் கீது” என்றேன்.

கடைசி இரண்டு வரிசையும் படுக்கிறதுக்கு முன்னால்தான் சரியாக அமைந்தது, வந்து சொல்கிறேன், முழுசாகக் கேட்க வேண்டும் என்றார். தலையாட்டினேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு, படுத்தபடியே வரிசையைச் சொல்லியிருப்பார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

கருமாதி முடிந்ததும் கட்டைப் பிரித்துக் கூடம் முழுக்கப் பரப்பினேன். வாய்க்கால் வரைக்கும் தட்டுத் தடுமாறி வைத்துவிட்டேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஒரு படத்தில் கன்று தாயின் மடியை முட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் ஏரிக்கரையில் தனியாக நிற்கிறது. எது கடைசி? தாயோடு இருப்பது கன்று கண்ட கனவாக இருந்தால்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது என்னைத்தான்.

ஸ்டுடியோவில் அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். படங்களைக் காட்டி, வரிசை தெரியுமா என்று கேட்டேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இத்த எங்களாண்ட காட்டவே இல்லமா. மொதல்ல ஊட்ல சொல்லிட்டு அப்பால கொண்டாறேன்னாரு.”

வந்தவர் எதிரிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் கிளம்பிப் போன பிறகு, தாயோடு இருக்கிற படத்தைக் கடைசியில் வைத்தேன். என் வீட்டுக்காரர் எப்படி வைத்திருந்தாரோ தெரியாது. எனக்கு வேறு எப்படியும் வைக்க முடியவில்லை.