மூன்றாவது தட்டு

அடி விழுந்த பிறகும் அவருடைய வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கி வெள்ளை ஜிப்பாவில் பரவுகிறது. தரையில் கொட்டிய ரசத்தின் நடுவே உட்கார்ந்திருக்கிறார். கண் சொருகிவிட்டது. விரல்கள் மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. சுற்றி நின்ற பெண்கள் அலறினார்கள். ஒருவன் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். அவனை உதறிய உதறலில் ஃப்ரிட்ஜில் போய் மோதி விழுந்தான். அதையும் டிவியில் நூறு தடவை காட்டினார்கள்.

என் பெயர் தெரியாதவர்களுக்கும் ‘வாத்தியாரை அறைஞ்சவன்’ என்றால் தெரிந்துவிடும். பதினைந்து பேரை ஒரே வீட்டில் அடைத்துவைத்து, தூங்குவதைக்கூடப் படம் பிடித்து, வாரம் ஒருவரை ஓட்டுப் போட்டு வெளியே தள்ளுகிற நிகழ்ச்சி அது. அதில் நான் வில்லன். அதற்கு முன் இருபது வருடம் சினிமாவில் ஃபைட்டர். பிறந்து வளர்ந்தது ராயப்பேட்டை. எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன், எத்தனையோ பேரிடம் அடி வாங்கியிருக்கிறேன். எங்கள் தொழிலில் அடி என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. என் கை கன்னத்தில் உரசும்போதே எதிராளியின் தலை அதோடு போய்விட வேண்டும். போனால் வலியே இருக்காது. போகாவிட்டால் பல் கழன்றுவிடும்.

அவர் மயிலாப்பூரில் பாட்டு வாத்தியார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். அந்த வீட்டில் எங்கள் இருவரையும் யாரும் சட்டை செய்யவில்லை. நான் சமைத்துக்கொண்டிருப்பேன், அவர் சாதகம் பண்ணிக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னைப் பாத்ரூமுக்குள் கூப்பிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மைக்கைக் கழற்றினார். “நாம இப்படியே உக்காந்துண்டிருந்தா இந்த வாரம் நம்மள ஆத்துக்கு அனுப்பிடுவா. ஒரு சண்டை போடலாமா?” என்றார்.

“பேச்சு சண்டையா சார்?”

“அடியுங்கோளேன். வலிக்காம அடிக்கத்தான் உங்களுக்குத் தெரியுமே.”

சத்தியமாக, யோசனை அவருடையது. நான் சொல்லிக்கொடுத்தேன். வாய்விட்டு எண்ண முடியாது, சுற்றிலும் கேமரா. அதனால் காலால் மூன்று தட்டு தட்டுவேன், மூன்றாவது தட்டில் அவர் முகத்தை வலப்பக்கம் திருப்ப வேண்டும். “அவ்ளோதான் சார், நான் பாத்துக்கறேன்” என்றேன். பத்து தடவை ஒத்திகை பார்த்தோம். ஒத்திகையில் மெதுவாகத்தான் கையை வீசினேன், அதனால் அவர் எப்போது திரும்புகிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. பாடுகிறவர்கள் பல பாட்டுகளில் தாளம் விழுந்து அரை இடம் தள்ளித்தான் எடுப்பார்களாம். நாற்பது வருடமாக அவர் உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது. மூன்றாவது தட்டு விழுந்ததும் நான் அடித்தேன். அவர் அது விழட்டும் என்று காத்திருந்தார்.

அன்றே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வெளியே வந்து பார்த்தால் ஊரே என் தோலை உரிக்கக் காத்திருந்தது. மீன் வாங்கப் போன என் மனைவியிடம் ஒருத்தி, “உன் புருசன் கை அழுகிப் பூடும்” என்று மண்ணை வாரித் தூற்றினாளாம். ஸ்டண்ட் மாஸ்டர்கள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். நிஜமாக அடிக்கிறவன் எதிரே எவன் நிற்பான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் துணி எடுக்கப் போனோம். “டேய், வாத்தியார அடிச்சவன்டா!” என்று ஒரு குரல். முதல் அடி ஹெல்மெட்டால் விழுந்தது. புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கீழே விழுந்தவனின் விலாவில் மிதித்தார்கள், சுண்டு விரலை ஷூவால் நசுக்கினார்கள். குறுக்கே பாய்ந்த என் மனைவியின் தலைமுடியைப் பிடித்து ஒருவன் இழுத்துத் தள்ளினான். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவன், “எழுந்து திருப்பி அடிடா வில்லா” என்று சிரித்தான்.

அந்த வாத்தியார் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ‘அடிக்கச் சொன்னதே நான்தான்’ என்று. என் பிழைப்பு எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். அந்த மனுஷன் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தார். விரல் கட்டோடு மயிலாப்பூருக்குக் கிளம்பினேன். மறு காதையும் கிழித்துவிட்டு வருவது என்றுதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன்.

அவர் இரண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய இடது பக்கமாக உள்ளே நுழைந்தேன். “யோவ்” என்று கத்தினேன், அவர் திரும்பவில்லை. அந்தப் பெண்கள்தான் பயந்துபோய் எழுந்தார்கள். அதன்பிறகுதான் என்னைப் பார்த்தார். வலது காதை என் பக்கம் கொண்டுவருவதற்காக உடம்பு முழுவதையும் திருப்பி உட்கார்ந்தார். பெண்களை உள்ளே அனுப்பிவிட்டு, “உக்காருங்கோ” என்றார்.

“இன்னா உக்காருங்கோ? என் பொண்டாட்டிய நடுரோட்ல போட்டு அடிச்சானுங்க சார். நீ சொல்லித்தானே அடிச்சேன்? ஏன் சார் சொல்லாம கீற?”

“சொல்லாதது தப்புதான். என்கிட்ட பாட்டு கத்துக்கறவாளுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு பயந்துண்டு இருந்துட்டேன்” என்றார். “இப்பவே சொல்றேன். சண்டை நான் கேட்டதுன்னு சொல்றேன். நேரம் தப்பித் திரும்பினது நான்னும் சொல்றேன். ஆனா அதுக்கப்புறம் கேப்பாளே, அவர் தலை திரும்பலையே, கைய நிறுத்தியிருக்கலாமேன்னு? அதுக்கு என்ன சொல்லட்டும்?”

நான் விரல் கட்டின் நுனியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினேன்.

“நான் உங்க கண்ணையேதான் பாத்துண்டிருந்தேன். நான் திரும்பலைங்கறத நீங்க பாத்தேள்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு கத்து கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அடி விழுந்த அன்று காலை, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் காதுபடவே அவர் ஒரு பெண்ணிடம், “அவருக்கு மூளை முழங்கைக்குக் கீழன்னா இருக்கு” என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது தட்டின்போது அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. “நீங்க ஒண்ணும் சொல்லவேணாம் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது ஊருக்கு என்மேல் கோபமில்லை. கடை திறப்பு விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள். போகும் இடமெல்லாம் பசங்கள் செல்போனோடு ஓடிவந்து, “அண்ணே, வாத்தியாருக்கு விட்டீங்களே, அதே மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே” என்று கன்னத்தைக் காட்டுகிறார்கள். எவனுக்கும் தலையைத் திருப்பத் தெரியாது. முழு வேகத்தில் ஓங்கி, கன்னத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்துகிறேன். இதுவரை ஒருவன்மேல்கூடப் பட்டதில்லை. என் கை நான் நினைத்த இடத்தில் நிற்கும். அன்றைக்கும் நின்றிருக்கும். நான் நிறுத்தவில்லை.