பாப்பா பாஸான பரிட்சை

பல்லடத்தில் ஒரு விசைத்தறி ஷெட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் நாங்கள் நால்வர் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் முறை வைத்துத் தறி ஓட்டினார்கள். அதற்காக முதலாளி வாடகையில்லாமல் விட்ட அறை அது. தங்கையின் தொட்டிலைக்கூட ஷெட்டுக்குள்தான் கட்டியிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவாள். கரண்ட் போனால் விழித்து அழுவாள்.

ஷெட்டுக்குள் பேச்சு எடுபடாது. அதனால் வீட்டிலும் நாங்கள் பாதியைக் கத்துவோம், மீதியைக் கையால் சொல்வோம். இரண்டு விரலை ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் காட்டினால் தறியை நிறுத்து. வயிற்றைத் தட்டினால் சாப்பிட வா. மூக்கைப் பிடித்தால் முதலாளி வருகிறார். இது அப்பாவின் கண்டுபிடிப்பு.

நான் ஐந்தாவதும் தங்கை இரண்டாவதும் படித்தபோது பள்ளியில் காது பரிசோதனை முகாம் வந்தது. காது சரியாகக் கேட்காத பிள்ளைகளை வீட்டில் யாராவது கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று டீச்சர் முந்தின நாளே சொல்லிவிட்டார்.

"தறிய நிறுத்திப்போட்டுப் போனா மொதலாளி வேற ஆளப் போட்ருவாருங்க," என்றாள் அம்மா.

"எம்பட புள்ளைகளுக்குப் பாம்புக் காது, உடு," என்றார் அப்பா.

அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. "அம்மணி, ரெண்டு பேரும் நல்லாப் பண்ணிப்போட்டு வாங்க, கண்ணு."

வேறு ஆள் வந்தால் அறையும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடமே முகாம் எனக்குப் பரிட்சையாகிவிட்டது.

வகுப்பறையில் ஓர் அக்கா மேசைமேல் ஒரு டப்பா வைத்திருந்தார். ஹெட்போனில் 'பீப்' கேட்டால் கை தூக்க வேண்டும். எனக்கு எல்லாம் கேட்டது. இருந்தாலும் ஒன்றைக் கவனித்தேன்: ஒவ்வொரு முறையும் டப்பாவின் பொத்தானை அழுத்த அவருடைய கட்டைவிரல் லேசாக அசைந்தது. வெளியே வந்ததும் வரிசையில் நின்ற தங்கையிடம் சொன்னேன்.

"பாப்பா, அந்தக்கா கட்டவெரலையே பாரு. அசைஞ்சா கையத் தூக்கு."

"கேக்காட்டி?"

"கேக்காட்டியும் தூக்கு."

கையைப் படிப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. அவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அந்த அக்கா "வெரி குட்" சொல்லிக் கன்னத்தைக் கிள்ளினார்.

அவளுக்கு இரண்டு காதும் சரியில்லை என்று தெரிய இன்னும் மூன்று வருடம் ஆனது. சின்ன வயதில் அடிக்கடி சீழ் வந்த காதுகள்; நல்லெண்ணெய் காய்ச்சி விடுவதோடு எங்கள் வைத்தியம் முடிந்துவிடும். அந்த மூன்று வருடமும் சொல்வதெழுதுதலில் பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டு, மக்கு என்று பேர் வாங்கிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இப்போது காதில் கருவி மாட்டியிருக்கிறாள். எங்களுக்குள் சண்டை வந்தால் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவாள். நான் தனியாகக் கத்திக்கொண்டிருப்பேன்.

முகாம் நடந்த அன்று மாலை அம்மா தேங்காய் பன் வாங்கி வந்தாள், ஆளுக்கு முழுதாக ஒன்று. "எம்புள்ளைக ரெண்டும் பாஸுங்க," என்று பக்கத்துத் தறிக்காரர்களிடமெல்லாம் சொன்னாள். தங்கை பன்னைப் பிய்த்து நடுவிலிருந்த தேங்காயை மட்டும் தின்றுகொண்டே என்னிடம் கேட்டாள்:

"ஏனக்கா, அந்த ஹெட்போனு ஒண்ணுமே பேசுலயே. அத எதுக்குக் காதுல மாட்டுனாங்க?"

பாஸான பிறகு சந்தேகம் கேட்கிறாளே என்று எனக்கு ஒரே சிரிப்பு. அவள் மீதி வைத்த பன்னையும் நானே வாங்கித் தின்றேன்.