கிணற்றிலிருந்து வந்த வளையம்

எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்பது நூறு வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிள். அதற்குச் செயின் கிடையாது. இஞ்சினிலிருந்து வரும் ஒரு தோல் பட்டைதான் பின்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கீரனூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்த என் வீட்டுக்காரர், ரிட்டயர் ஆன நாளிலிருந்து அதோடுதான் குடித்தனம் நடத்தினார். கார்புரேட்டரைப் பற்றி வெளிநாட்டுக்காரர்களிடம் மணிக்கணக்காகப் பேசுவார். வீட்டில் கேஸ் தீர்ந்தது தெரியாது.

முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது, இனி இரண்டு சக்கர வண்டியைத் தொடவே கூடாது என்று திருச்சி டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரே ஒரு தடவை எங்கள் தெருவைச் சுற்றி வந்துவிட வேண்டும், அதுதான் இவர் ஆசை. பட்டை ஓடுவதற்குப் பின்சக்கரத்தில் பள்ளம் வைத்த இரும்பு வளையம் ஒன்று வேண்டும். அது மட்டும் எங்கும் அகப்படவில்லை.

கடைசியில் அப்படி ஒன்று விராலிமலைக்கு அங்கிட்டு, ஒரு தோட்டத்துக் கிணற்றில் கப்பியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு கப்பி மாட்டிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார் அந்த வீட்டு அம்மா. புதுக் கப்பி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இவர் தொட்டி நிறையத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாராம். அந்த அம்மாவே போனில் பெருமையாகச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு தந்ததில்லை இந்த மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். மறக்கவில்லை.

வளையத்தைப் பொருத்தியதும் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். முன்சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். தெருவே கூடிவிட்டது. ஸ்டாண்டில் நின்றபோது பின்சக்கரம் ஜோராகச் சுற்றியது. தரையில் இறக்கி இவர் ஏறி உட்கார்ந்ததும் இஞ்சின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. பழம் நசுங்காமல் அப்படியே இருந்தது.

குனிந்து பார்த்தவர் முகம் சுருங்கிப்போனது. பட்டையைக் கவ்விப் பிடிக்க அந்தப் பள்ளம் ஆப்பு மாதிரி குறுகலாக இருக்க வேண்டுமாம். தலைமுறை தலைமுறையாகக் கயிறு ஓடி அது வழவழவென்று அகன்று கிடந்தது. அதை அளந்து, துடைத்து, போட்டோ எடுத்து உலகமெல்லாம் அனுப்பியவருக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை. குத்திக்காட்ட இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது. ஆனால் வலிக்கிற காலை மெல்லத் தூக்கி அவர் இறங்கப் போனதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"இறங்காதீங்க," என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போய்த் தள்ளினேன். பழம் நசுங்கியது. தெரு சிரித்தது, சிரிக்கட்டும். இவர் ஹாரனை அமுக்கிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தெருமுக்கில் திரும்பும்போது இஞ்சின் சத்தத்துக்கு மேலே, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கைய எடுத்துப் பாரு. தானாப் போயிரும்னு தோணுது."

"எடுத்து எம்புட்டு நேரமாச்சு. நீங்க பாட்டுக்குப் போங்க," என்றேன், இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே.