சின்ராசு விலைக்கு வாங்கிய வெயில்

சின்ராசு ஒரு கடைக்குள் நுழைந்தால் கடைக்காரருக்கு அன்றைக்கு வேறு வியாபாரம் ஓடாது. தக்காளி வாங்கினாலும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். டார்ச் லைட் வாங்கினால் கடையிலேயே இருட்டான மூலை எது என்று தேடிப் போய் அடித்துப் பார்ப்பார். "அதான் எரியுதுல்லண்ணே, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கடைக்காரர் கெஞ்சினால், "இங்க எரியிறது பெருசில்லப்பா, மலையில எரியணும்" என்பார். போடியிலிருந்து போடிமெட்டுக்குத் தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு முப்பது வருடமாக ஜீப் ஓட்டுகிற மனிதர். அந்த ரோட்டில் நடுவழியில் ஒரு சாமான் கைவிட்டால் என்ன கதியாகும் என்று அவருக்குத்தான் தெரியும். ஆகவே இந்தக் குணத்தை மன்னித்துவிடலாம்.

அவர் மனைவி மகாராணி மட்டும் மன்னித்ததே இல்லை. "என்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் எப்படி ஒரே நிமிசத்துல தலைய ஆட்டுனீக?" என்று கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே ஜீப்பைத் துடைக்கப் போய்விடுவார்.

போடிமெட்டைத் தாண்டி, ரோட்டை விட்டு இறங்கும் ஜீப் தடத்தின் கடைசியில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டமும் ஓர் ஓட்டு வீடும் உண்டு. சின்ராசுவின் தோட்டம் என்பது பேருக்குத்தான். ஒவ்வொரு செடியையும் முகம் பார்த்து அறிந்தவள் மகாராணி. எந்தத் தூரில் காய் திரண்டிருக்கிறது, எந்தப் பலாமரத்தில் எந்தக் கிளையைக் கழித்தால் நிழல் அளவாக விழும் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். நேர் வெயில் பட்டால் ஏலச்செடி தாங்காது. அதனால் ஏலக்காட்டில் வளர்ந்தவர்களுக்கு வெயிலைக் கண்டாலே எதையாவது எடுத்து மூடத் தோன்றும்.

போன ஆடி மழையில் அவளுக்கு இழுப்பு வந்தது. முன்பும் வருவதுதான், கசாயத்தில் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட ரோட்டில், பக்கத்து சீட்டில் அவள் மூச்சுக்குத் தவிக்க, சின்ராசு முதன்முறையாக வளைவில் கியரைத் தவறவிட்டார். எப்படியோ போடிக்கு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் காப்பாற்றிவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்.

"காலையிலயும் சாயங்காலமும் நெபுலைசர் வச்சு மருந்து இழுக்கணும். அவசரத்துக்கும் அது பக்கத்துலயே இருக்கணும். கரண்டு இல்லாத எடத்துல இவங்களத் தங்க வைக்காதீங்க."

தோட்டத்து வீட்டில் கரண்டு கிடையாது. நடுவில் காடு. அந்தப் பக்கம் கம்பி வராது என்பது எப்போதோ முடிந்துபோன பேச்சு. ஆக மகாராணி போடியிலேயே மகன் பிரதீப் வீட்டில் தங்கிவிட்டாள்.

பிரதீப் நல்ல பிள்ளை. மருமகள் அருணாவும் குறை சொல்ல முடியாதவள். குறை சொல்ல முடியாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை. காய் நறுக்கப் போனால் "நீங்க உக்காருங்க அத்தே" என்பாள் அருணா. மகாராணி மளிகைக் கடைக்குப் போனால் அங்கே இருக்கிற ஏலக்காயை மோந்து பார்த்து, "இதெல்லாம் ஒரு காயா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு நின்றுவிட்டு வருவாள். மேலே சின்ராசு ஒற்றை ஆளாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற பாறை வரைக்கும் ஏறிப் போய் தினமும் போன் பண்ணுவார்.

"மேல்பாத்திச் செடியெல்லாம் எப்படியிருக்கு?" என்பாள் அவள்.

"அதுக உன்னயத்தான் கேக்குது" என்பார் இவர். அவள் இல்லாமல் அவருக்கு அந்த வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. அறுபதை நெருங்கும் வயதில் இதை யாரிடம் சொல்வது?

கரண்டு நம்மைத் தேடி வராவிட்டால் நாமே செய்துகொள்வது என்று தை மாதம் முடிவெடுத்தார். போடியில் ஒரு கடையில் சோலார் முழு செட்டுக்கு விலை கேட்டார். சொன்னார்கள். உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்துவிட்டார். அப்புறம்தான் தேனியில் செழியன் என்ற ஒருவர் பழைய பேனல் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். தெருவிளக்குகளிலிருந்து கழற்றிய பேனல்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார் செழியன். ஒவ்வொன்றிலும் பளபளவென்று புது ஸ்டிக்கர்.

"நூறு வாட்ஸ்ண்ணே. ஸ்டிக்கரப் பாருங்க."

"ஸ்டிக்கரு ஒட்டுறதுக்குத்தான் கோந்து விக்கிதே மாப்ளே" என்ற சின்ராசு, மடியிலிருந்து ஜீப்பின் ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்தார். அதில் இரண்டு வயர் முறுக்கியிருந்தது. ஒவ்வொரு பேனலாக வெயிலில் இழுத்துப் போட்டு, பல்பை மாட்டி, பல்புக்கு மட்டும் மேல்துண்டால் நிழல் கட்டிப் பார்த்தார். சிலது மினுக் மினுக்கென்று அழுதது. சிலது எரியவே இல்லை. கண் கூசுகிற மாதிரி எரிந்தவற்றை மட்டும் தனியே நிறுத்தி, பின்பக்கம் கருகல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, அதிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுத்தார். செழியனுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் அவரே டீ வாங்கிக் கொடுத்து, "அந்த மூலையில இருக்கறதையும் பாத்துச் சொல்லிருங்கண்ணே, எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்" என்றார்.

பேட்டரியிலும் பழசு இருந்தது, மலிவாகவே இருந்தது. அதைத் தொடவில்லை சின்ராசு. "பேனலு பழசா இருக்கலாம், மேல விழுகுற வெயிலு புதுசு. பேட்டரி பழசா இருக்கக்கூடாது. அவளுக்கு மூச்சு முட்டுற நேரத்துல அது காலை வாரிருச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றார். ஜீப்பு பேட்டரியையே மாட்டினால் என்ன என்று செழியன் கேட்டதற்கும் ஒப்பவில்லை. அது வண்டியைக் கிளப்ப ஓர் உதை உதைக்கத்தான் லாயக்கு, நின்று நிதானமாகக் கரண்டு கொடுக்காது என்பது அவருக்குப் பட்டுத் தெரிந்த பாடம். இன்வெர்ட்டருக்கென்றே செய்கிற புது டியூபுலர் பேட்டரி ஒன்றை வாங்கினார். ஜீப்புக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணம் அதற்குப் போனது.

அந்தப் பேட்டரியை முன்சீட்டில் நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் உருட்டி உருட்டி மேலே கொண்டு போனார். பின்னால் உட்கார்ந்திருந்த காய் எடுக்கும் பெண்களுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னண்ணே, முன்சீட்டுல புதுப்பொண்ணா? வெரசாப் போங்க, கங்காணி கத்துவாரு" என்றாள் ஒருத்தி. "பொண்ணு வீட்டுக்கு வர்றதுக்குத்தான் ஆத்தா இம்புட்டுப் பாடு" என்றார் சின்ராசு.

தோட்டத்தில் வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் காற்றில் ஒரு பெரிய மரம் சாய்ந்து, அந்தக் கோடையில் அடியிலிருந்த செடியெல்லாம் கருகிப்போன மேட்டுத்திட்டு. மகாராணி கடன் வாங்கி நிழலுக்குப் பச்சை வலை கட்டியும் காப்பாற்ற முடியாமல் அழுத இடம். அங்கே இரும்புக் குழாய் நட்டு பேனல்களை ஏற்றினார். வயரை வீட்டுக்கு இழுத்தார். பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் மாட்டி முடித்து, புது நெபுலைசர் ஒன்றில் வெறும் உப்புத்தண்ணீர் ஊற்றித் தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மெசின் உறுமியது. புகை புகையாக வந்தது. ஒரு வாரம் காலையிலும் சாயங்காலமும் இப்படிச் சோதித்த பிறகுதான் பாறைக்கு ஏறிப் போய், "கெளம்பி வா" என்றார்.

மாசியில் மகாராணி வந்தாள். வந்த அன்றைக்கு வீட்டுக்குள் போகாமல் நேரே செடிகளிடம் போனாள். சாயங்காலம் மருந்தை இழுத்துவிட்டு, வீட்டுக்குள் எரிகிற விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்ராசு விளக்கைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனி பிறந்ததும் கஷ்டமும் பிறந்தது. இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம், மருந்து பாதி இருக்கும்போதே மெசின் நின்றுவிட்டது. மகாராணிக்கு மூச்சு அப்போது அவ்வளவு மோசமாக இல்லை. ஆனாலும் சின்ராசு வாசலில் நின்ற ஜீப்புக்கு ஓடினார். ஜீப்பு பேட்டரியில் வயரைக் கொடுத்து ஒரு மாதிரி மீதி மருந்தை முடித்தார். பேட்டரியைச் சோதித்தார், கோளாறு இல்லை. அதற்குப் போதுமான கரண்டு வரவில்லை, அவ்வளவுதான். பகலெல்லாம் பெரிய தோட்டத்துக்கு லோடு ஏற்ற ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர் அவர். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் போய்ப் பார்த்தால் பேனல்கள் துடைத்துவிட்ட கண்ணாடியாக மின்னின. செழியனுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"அண்ணே, மத்தியானம் அது மேல ஏதாச்சும் நெழலு விழுகுதா பாருங்க" என்றார் செழியன்.

"நெழலா? அந்தத் திட்டுல எறும்புக்குக்கூட ஒதுங்க எடமில்லடா! நீ என்னய ஏமாத்திட்ட!"

செய்தி எப்படியோ பிரதீப் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே வாடகை ஜீப்பில் வந்து இறங்கினான்.

"அப்பா, ஒங்க மேல எனக்குக் கோவமில்ல. பயமா இருக்கு. அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

சின்ராசு, பழைய பேனலை நம்பிப் பொண்டாட்டியின் மூச்சோடு விளையாடியவன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். மகாராணி வீட்டு வேலையை முடித்து, மத்தியானம் சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள். அதைப் பார்க்க மாட்டாமல், பேனல்களைக் கழற்றிச் செழியன் தலையிலேயே கட்டிவிட்டு வருவோம் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேட்டுத்திட்டுக்கு நடந்தார். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

அவர் ஸ்பேனரை எடுப்பதைப் பார்த்துவிட்டு, அங்கே அவருக்கு முன்னால் குறுக்கு வழியில் வந்து நின்றிருந்தாள் மகாராணி. இரண்டு பேனல்களின் மேலும் பழைய பச்சை வலை. நாலு மூலையிலும் வாழைநாரால், இழுத்தால் அவிழ்கிற மாதிரி, ஏலத்தூரைக் கட்டும்போது அவள் போடுகிற அதே முடிச்சு. மடித்து இரட்டையாகப் போட்ட வலை.

"என்னடி இது?" என்றார் சின்ராசு.

"தொட்டுப் பாருங்க, எப்படிக் கொதிக்குதுன்னு. இந்த எடத்துலதான அம்புட்டுச் செடியும் கருகிப் போச்சு? இதுவும் கருகிட்டா நான் மறுபடி கீழ போகணுமேன்னு, பங்குனி பொறந்ததுலருந்து தெனமும் வெயிலு ஏறவும் வந்து கட்டி, எறங்கவும் வந்து அவுத்துருவேன். தொடைச்சும் விடுவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னும் என்ன கோளாறோ தெரியல. நான் போனப்புறமும் நீங்க மறக்காமக் கட்டுங்க."

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார் சின்ராசு. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உலகத்திலுள்ள பேனலையெல்லாம் பல்பு மாட்டிச் சோதித்த மனிதருக்கு, கூட இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றாமல் போனதே என்று இருந்தது.

"வெயிலுதாண்டி இதுக்குச் சோறு" என்றார்.

மகாராணிக்கு விளங்க ஒரு கணம் ஆனது. விளங்கியதும் முகம் செத்துவிட்டது. "அப்ப நான்தான் இத்தன நாளும் பட்டினி போட்டேனா?"

"நான் சொல்லல. நீ என்ன செய்வ? வா, அந்தப் பக்கத்து முடிச்சப் பிடி."

இருவருமாக வலையை அவிழ்த்தார்கள். கீழே வந்து பிரதீப்பிடம் விவரத்தைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "எல்லாஞ் சரிப்பா. சாயங்காலம் வரைக்கும் இருக்கேன். மருந்து முடியிற வரைக்கும் மெசினு நிக்காம ஓடணும். நின்னா, அம்மா எங்கூட வந்துரணும்" என்றான். நியாயமான பேச்சு. சின்ராசு ஒத்துக்கொண்டார். மகாராணியின் பை வாசலிலேயே இருந்தது.

அன்றைக்குப் பொழுது நகரவே இல்லை. ஒரு மேகம் வந்தால் சின்ராசு எழுந்து நிற்பார், போனால் உட்காருவார். சாயங்காலம் குளிர் இறங்கியது. மகாராணியின் நெஞ்சில் விசில் சத்தம் லேசாகக் கேட்க ஆரம்பித்தது. மருந்தை ஊற்றி, மாஸ்க்கை முகத்தில் மாட்டி, சுவிட்சைப் போட்டார் சின்ராசு. மெசின் உறுமியது. பிரதீப் மெசினைப் பார்த்தான், மகாராணி அவரைப் பார்த்தாள். சின்ராசுவுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. இந்த ஒரு தடவை நின்றுவிடாதே என்று மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். உறுமல் குறையவே இல்லை. மருந்து தீர்ந்து, புகை மெலிந்து, கடைசிச் சொட்டும் காய்ந்து, அதன் பிறகும் மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளே கையை நீட்டி அதை நிறுத்தினாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள்.

பிரதீப் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். "சரிம்மா. அப்ப நான் கெளம்புறேன்."

"எங்க கெளம்புற?" என்றாள் மகாராணி. "இத்தன மாசமா ஒன் வீட்டுல நான் சாப்பிட்டேன். இன்னிக்கு என் வீட்டுக்கு வந்திருக்க அப்பு. சாப்பிடாம ஒன்னய விடுவேனா? உக்காரு."

சொல்லிவிட்டு, பையை எடுத்து உள்ளே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிசி களையப் போனாள். சின்ராசு விறகெடுக்க வெளியே வந்தார். மகன் முன்னால் அழுவதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.