அக்காவுக்கு எடுத்த படங்கள்

சங்கரன்கோவிலில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்காவுக்கு அதில் பெருமை. அவள் இருக்கும் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் யார் கைகாலில் அடிபட்டாலும் "எந்தம்பிகிட்ட போங்க" என்று அனுப்பி வைப்பாள்.

அவளே வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மேய்ச்சலில் ஆடு வெருண்டு ஓட, கயிற்றைக் கையில் சுற்றியிருந்தவள் வரப்பில் விழுந்துவிட்டாள். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.

"தொடை இடுக்குல குத்துது தம்பி. கால ஊனவே முடியல."

டாக்டர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். படம் எடுத்துத் திரையில் பார்த்தேன். எலும்பு ஒழுங்காகத்தான் தெரிந்தது. படம் எடுப்பவன் முடிவு சொல்லக் கூடாது. திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டுவோம் என்று சொல்லியிருக்கலாம். நான், "ஒண்ணுமில்லக்கா, சதைப் பிடிப்பு. வீட்டுக்குள்ளயே மெல்ல நட" என்றேன்.

நடந்தாள். ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பத்தாம் நாள் குளித்துவிட்டுத் திரும்பும்போது உள்ளே எதுவோ முறிகிற சத்தம் கேட்டதாம். ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போதே பார்த்தேன். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருந்தது.

டாக்டர் பழைய படத்தைத் திரையில் பெரிதாக்கினார். பந்துபோல இருக்கும் எலும்பின் தலைக்குக் கீழே முடி அளவுக்கு ஒரு கோடு.

"இத யாரு பாத்தா?"

"நான்தான் சார்."

"இது லேசுல தெரியாது. ஆனா கால ஊன முடியலன்னு சொன்னா, விடாம ஸ்கேன் எடுத்துப் பாத்துருக்கணும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

மறுநாள் ஆபரேஷன். ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டும், அரைவட்டமாக வளைந்த சி-ஆர்ம் கருவியை ஓட்டுவதற்கு என்னை விட்டால் ஆளில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். அக்காவுக்கு நினைவு இருந்தது. காலை இழுத்துக் கட்டி டாக்டர் எலும்பைச் சேர்த்துப் பார்த்தார். "ஷூட்" என்பார், நான் அழுத்துவேன். கருவியைச் சாய்த்துப் பக்கவாட்டிலும் ஒன்று எடுப்பேன். மெல்லிய கம்பி எலும்புக் கழுத்துக்குள் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, அந்தத் திரையில்தான் தெரியும். இரண்டு முறை கம்பியை உருவி மறுபடி செலுத்தினார். ஈயக் கவசத்துக்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

நடுவில் தொங்கவிட்டிருந்த பச்சைத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கேட்டாள்: "ஏலே, நீயா நிக்க?"

"ஆமாக்கா."

"அப்ப எனக்குப் பயமில்ல."

கம்பி போன வழியிலேயே முடுக்கிய மூன்று ஸ்குரூக்களும் சரியான இடத்தில் உட்கார்ந்தன. அவ்வளவு சுத்தமான படம் நான் அபூர்வமாகத்தான் எடுத்திருக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து மறுபடி வலி என்று வந்தாள். எடுத்த படத்தில் எலும்பின் தலை ஒரு பக்கம் அமுங்கிப் போயிருந்தது. முறிந்து விலகியபோதே அதற்கு ரத்த ஓட்டம் அறுந்திருக்கும் என்றார் டாக்டர். இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும் என்றார்.

வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் படத்திலேயே கோடு இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை, டாக்டரிடம் காட்டாமல் அனுப்பினேன், நீ நடந்ததில்தான் விலகிவிட்டது என்று.

அக்கா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் சொன்னேம்லா, ஊன முடியலன்னு" என்றாள்.

"ஆமா."

"இன்னொருக்க என்னை அறுக்க வேண்டாம். இப்படியே இருந்துட்டுப் போறேன்."

நானும் அவள் மகளும் எவ்வளவு கெஞ்சியும் சம்மதிக்கவில்லை. ஆடுகளைக் கொடுத்துவிட்டாள். வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறாள். நான் போனால் சோறு போடச் சொல்வாள், பிள்ளைகளை விசாரிப்பாள். காலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

போன மாதம் அவளுக்குக் கை வீங்கியிருந்ததாம். மகள் திருவேங்கடம் ஊரில் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்திருக்கிறாள். எனக்கு அது அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.