கலைத்துப் போட்ட இருபது வரி

ஆபீஸில் அவளுக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்கும் துணிச்சல் கிடையாது. படித்தது உளவியல். பிழைப்போ, புரோகிராம் எழுதுகிறவர்களின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று அளப்பது. பதினோரு வருஷமாக ஒரே சோதனைதான். திரையில் இருபது வரி புரோகிராம், முப்பது வினாடி. பிறகு திரை காலி. நினைவில் நின்றதை எழுத வேண்டும். அடுத்து, வரிகளைக் கலைத்துப் போட்டு இன்னொன்று.

கைதேர்ந்தவர்கள் முதலாவதில் பதினாறு வரியாவது எழுதுவார்கள், கலைத்துப் போட்டதில் திணறுவார்கள். கற்றுக்குட்டிக்கு இரண்டும் ஒன்றுதான், நாலைந்து வரி. புரிந்தால்தானே ஞாபகத்தில் ஒட்டும்! யார் கெட்டிக்காரர், யார் வெறும் வாய்ச்சவடால் என்பது பத்து நிமிஷத்தில் வெளிச்சமாகிவிடும்.

அந்தத் திங்கட்கிழமை எதிரே உட்கார்ந்தவர் அவளுடைய சொந்த அண்ணன். ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதுகிறவர். வருஷம் தவறாமல் பதினெட்டு வரி எழுதிவிடுவார்.

இந்த வருஷம் நாலு. கலைத்துப் போட்டதிலும் நாலு.

அவள் வரிகளை மறுபடி எண்ணிப் பார்த்தாள். "தூக்கம் சரியில்லையா அண்ணா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். உன் சோதனைதான் கோணல்," என்று சிரித்தார். "ஆமா, அம்மாவுக்கு போன் பண்ணினியா?"

அன்றைக்கு அதை அவர் கேட்பது மூன்றாவது தடவை.

மனசு கேட்கவில்லை. பழகியதைக் காட்டினால் தேறிவிடுவார் என்று, போன மாதம் அவரே எழுதிய இருபது வரியைத் திரையில் போட்டாள். இந்த முறை கடிகாரத்தை அமுக்கவில்லை. பாவி மனுஷன், ஆற அமரப் பார்க்கட்டும்.

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பன்னிரண்டாம் வரியில் விரல் நின்றது.

"அடப்பாவி! கைக்குழந்தைக்கு ஒரு மணி நேரத்துல ஏற வேண்டிய மருந்து, இதுல ஒரே நிமிஷத்துல ஏறிடுமே! எந்த மடையன் எழுதினான் இத?"

சனிக்கிழமையே அந்தப் புரோகிராம் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மேலாளருக்கு போன் போட்டாள். "அந்த மெஷின் எல்லாத்தையும் உடனே நிறுத்தச் சொல்லுங்க சார். தப்பு இருக்கு. கொழந்தைங்க உயிர் போயிடும்."

"ஐயோ! யார் எழுதினதும்மா அது?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவரும் அந்தப் பெயரைக் கேட்கத்தான் காத்திருந்தார்.