அண்ணன் தள்ளிவைத்த தட்டு

போன ஞாயிறு கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. கோழிக்குழம்பு வாசம் கேட்வரை வந்து கூப்பிட்டது. அண்ணன் நாலு வாய் வைத்தார். தட்டைத் தள்ளினார். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டார்.

அண்ணியின் முகம் செத்துப்போனது.

உங்களுக்குத் தெரியாததா? நம் வீடுகளில் ஒருவர் சாப்பாட்டைத் தள்ளினால் ஒரே அர்த்தம்தான்... கோபம்! கூச்சல் போட வேண்டாம், தட்டைத் தள்ளினாலே வீடு நடுங்கும். மாநகர சபையில் கிளார்க்காக இருந்த காலத்தில் அண்ணனும் அதைச் செய்தவர்தான்.

"மாசக்கணக்கா இப்படித்தான் தம்பி. நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லவும் மாட்டேங்கிறாரு."

அண்ணி உப்பைக் குறைத்துப் பார்த்தார், உறைப்பைக் கூட்டிப் பார்த்தார். கொழும்பிலிருக்கும் மகள் போனில், "அப்பா, அம்மாவ மன்னிச்சிருங்க" என்று அழுதிருக்கிறாள். எதற்கு மன்னிப்பு? யாருக்கும் தெரியாது. அண்ணனோ, "கோவமெல்லாம் இல்ல, வயிறு நெறஞ்சிருக்கு" என்கிறார். யார் நம்புவது? கோபக்காரன் எவன் தனக்குக் கோபமென்று ஒத்துக்கொண்டிருக்கிறான்?

அண்ணனை இழுக்காத குறையாகக் கண்டியில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனோம். டொக்டர் பக்கத்து ஊரான மடவளைக்காரர், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சுதான். பரிசோதனையெல்லாம் முடிந்து நேற்றுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

"அவருக்குக் கோவம் இல்லம்மா. காலையில சாப்பிட்ட இடியப்பம் பின்னேரமும் வயித்துலயே இரிக்கி."

வயிற்றுக்கும் குடலுக்கும் தனியாக ஒரு நரம்புக் கூட்டமே இருக்கிறதாம். பிறந்த குழந்தைக்கு அது இன்னும் வேலை பழகியிருக்காது. வாலிபத்தில் கல்லைத் தின்றாலும் தள்ளிவிடும். வயதானால் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சிலருக்கு — அண்ணனைப் போல — ரொம்பவே. போனது போனதுதான். மருந்து ஓரளவு தள்ளிக் கொடுக்கும், நரம்பைத் திருப்பித் தராது. இனிமேல் கஞ்சி போலக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்.

இவ்வளவுதானா? ஒரு வாய்ச் சோற்றுக்காக ஆயுசு முழுக்க ஓடினோம். இப்போது சோறு இருக்கிறது, வாங்கிக்கொள்ள வயிறு இல்லை. நானும் அண்ணனுக்கு அடுத்தவன்தானே... யாரிடம் போய் முறையிடுவது?

பழி தன்மேல் இல்லையென்று அண்ணியாவது நிம்மதியடைவார் என நினைத்தேன். அவர் டொக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உடைந்து அழுதார்.

"கோவம்னா என்னைக்காவது தணிஞ்சிருக்குமே, டொக்டர்..."